செம்பனைப் பூவில் ஒரு கூன்வண்டு: அடையாளமும் அது வந்த வரலாறும்



இன்று ஒரு வண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். வரலாறு பேச வேண்டிய இடத்தில் வண்டுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அரசர்களும் ஆளுநர்களும் மட்டும் வரலாற்றை மாற்றியவர்கள் அல்லர். நான்கு மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டாத ஒரு பூச்சி 1981ஆம் ஆண்டில் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பிறகு செம்பனைத் தோட்டங்களின் கணக்குப் புத்தகம் மாறியது. அந்தத் தோட்டங்களில் உழைத்த நம் பெண்களின் வேலையும் மாறியது. முதல் மாற்றத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது மாற்றத்தைப் பற்றி நாம்தாம் பேச வேண்டும். நாம் அதிகம் பேசியதில்லை.

முதலில் வண்டை அறிந்துகொள்வோம். பிறகு வரலாற்றுக்கு வருகிறேன்.

கூன்வண்டு என்றால் எது?

கூன்வண்டைப் பார்க்காத வீடு கிடையாது. அரிசியை நீண்ட நாள் வைத்திருந்தால் அதில் கறுப்பாகச் சிறு வண்டுகள் ஓடும். நம் தாய்மார்கள் அந்த அரிசியை முறத்தில் கொட்டி வெயிலில் வைப்பார்கள், வண்டுகள் ஓடிவிடும். அடுத்த முறை அந்த வண்டு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தலையின் முன்னால் யானையின் துதிக்கை போல ஒரு நீண்ட மூக்கு இருக்கும். மூக்கின் நுனியில்தான் வாய் இருக்கிறது. இரண்டு உணர்கொம்புகளும் அந்த மூக்கிலிருந்தே கிளம்பி, நம் முழங்கையைப் போல மடங்கி, நுனியில் சிறிது தடித்திருக்கும். இந்த நீண்ட மூக்கையும் மடங்கிய கொம்பையும் கண்டால் அது பெரும்பாலும் கூன்வண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

உலகில் 50,000க்கும் மேற்பட்ட கூன்வண்டு இனங்கள் உண்டு. வெப்பமண்டல நாடுகளில் இவை மிகுதி. பெரும்பாலானவை பயிருக்கோ தானியத்துக்கோ கேடு செய்பவை என்ற பெயரையே சம்பாதித்திருக்கின்றன. பனை வகை மரங்களைப் பொறுத்தவரை நாம் அதிகம் அஞ்சுவது சிவப்புக் கூன்வண்டுக்கு. அது ரிங்கோஃபோரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், துருப்பிடித்த இரும்பு போன்ற நிறம். அதன் புழுக்கள் தென்னையின் குருத்தையும் தண்டையும் உள்ளிருந்தே தின்று மரத்தைச் சாய்த்துவிடும். மரம் வெளியே பசுமையாகத் தெரியும்போதே உள்ளே அழிவு நடந்துகொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்த வண்டு அதுவன்று. அதே குடும்பத்தில் பிறந்தும் எதிர்க்குணம் கொண்டது அது. அதன் பேரினத்துக்கு எலைடோபியஸ் என்று பெயர். செம்பனையின் அறிவியல் பெயர் எலைஸ். அதில் வாழ்வது என்பதே எலைடோபியஸ் என்பதன் பொருள். பெயரிலேயே முகவரி இருக்கிறது. இந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றின் தாயகம் ஆப்பிரிக்கா. நம் நாட்டுக்கு வந்தது எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற இனம். கேமரூன் நாட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

செம்பனை மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வருகின்றன. ஆனால் வேறு வேறு காலத்தில், வேறு வேறு மட்டைகளின் இடுக்கில் வருகின்றன. ஆண் பூங்கொத்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்தாற்போல நீண்ட கதிர்களால் ஆனது. அது மலர்ந்ததும் சோம்பு வாசனையை ஒத்த ஒரு மணம் வரும். சோம்பை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அந்த மணம் புதிதாக இராது. மணம் வரும் திசையில் போய், மலர்ந்த ஆண் பூங்கொத்தைப் பாருங்கள். கதிர்களின்மேல் கரும்பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான சிறு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். இதுதான் முதல் அடையாளம்: இடமும் கூட்டமும்.

அளவு இரண்டாவது அடையாளம். ஏறக்குறைய அரிசி வண்டின் பருமன்தான். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வண்டைக் கண்டால் அது நம் நண்பன் அன்று.

மூன்றாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேற்றுமை. ஆண் வண்டு சற்றுப் பெரியது. அதன் மேல்சிறகுகளின் தொடக்கத்தில் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும்; சிறகின் ஓரங்களில் மயிர் அடர்ந்திருக்கும். பெண் வண்டு சிறியது, மூக்கு மட்டும் ஆணைவிட நீளம். உடலில் மயிர் அதிகம் என்பதால் ஆண் வண்டே மகரந்தத்தைக் கூடுதலாகச் சுமக்கிறது.

இந்த வண்டு ஆண் பூவைத் தின்கிறது. வாடிய ஆண் பூவிலேயே முட்டையிடுகிறது. புழுக்கள் அந்தப் பழைய பூவைத் தின்று, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வண்டாகி வெளியே வந்துவிடுகின்றன. மரத்துக்கு அந்த வாடிய பூவால் இனிப் பயன் இல்லை. ஆகவே நட்டமும் இல்லை. பெண் பூவோ மலரும்போது அதே சோம்பு மணத்தைச் சிறிதளவு வீசுகிறது. வண்டு ஏமாந்து அங்கே போகிறது. அங்கே அதற்கு உணவும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. திரும்பிவிடுகிறது. ஆனால் உடலில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்ந்துவிடுகிறது. காய் பிடிக்க அது போதும்.

வண்டு வராத காலம்

செம்பனை நம் மண்ணின் மரம் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வாரிசுகளே பிறகு சுமத்ராவிலும் மலாயாவிலும் பரவின. வணிக நோக்கத்துடன் மலாயாவில் முதல் செம்பனைத் தோட்டத்தை 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அமைத்தவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். விடுதலைக்குப் பிறகு ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தை நம்பியிருக்க முடியாது என்று அரசாங்கமும் தோட்ட நிறுவனங்களும் செம்பனைக்கு மாறத் தொடங்கின. 1960இல் சுமார் 55,000 ஹெக்டராக இருந்த செம்பனைப் பரப்பு, 1980இல் 10 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. பால்மரம் சீவிய கைகள் குலை வெட்டப் பழகின.

மரத்தைக் கொண்டுவந்தார்கள். மரத்துடன் பிறந்த வண்டை விட்டுவிட்டு வந்தார்கள். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று நூல்கள் எழுதின. எல்லாரும் அதையே நம்பினார்கள். தீபகற்பத்தில் ஒரு வகைச் சிற்றுயிர்ப் பேன் ஓரளவு அந்த வேலையைச் செய்துவந்தது. சபாவில் அதுவும் இல்லை. மழைக்காலத்தில் காற்றில் மகரந்தம் நிற்பதில்லை. இளம் மரங்களோ பெண் பூக்களையே அதிகமாக விடும். ஆண் பூ அரிது. பூ இருக்கும், காய் பிடிக்காது. குலையின் வெளிப்புறத்தில் சில பழங்கள் இருக்க, உட்புறம் வெறுமையாக இருக்கும். பல குலைகள் அழுகி உதிரும்.

ஆகவே மனிதர்கள் வண்டின் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

கண்ணால் பூ பார்த்தவர்கள்

என் பெரியம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் அந்த வேலையைச் செய்தவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் ஒரு டப்பாவும் கையில் தூவும் குழாயுமாகப் புறப்படுவார்கள். மலர்ந்த ஆண் பூங்கொத்துகளை முன்பே வெட்டி, மகரந்தத்தை உலுக்கிச் சலித்துக் காயவைத்து, டால்கம் தூளுடன் கலந்து வைத்திருப்பார்கள். அந்தத் தூளைப் பெண் பூவின்மேல் ஊதித் தூவ வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஒரு பெண் பூங்கொத்து மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாட்களே. எனவே ஒரே மரத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை வந்தாக வேண்டும். மழை என்று விட முடியாது, விடுமுறை என்று விட முடியாது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து, முள் நிறைந்த மட்டைகளை விலக்கி, இடுக்கில் பூ மலர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூவைச் சுற்றியும் கூரிய முட்கள். பூவின் முகம் வெளிர்மஞ்சளாக இருந்தால் தூவலாம். சிவந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது. இன்னும் விரியாதிருந்தால் நாளை மறுநாள் வர வேண்டும், அந்த மரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த நிரையில் எந்த மரம் எப்போது பூக்கும் என்பது மனத்தில் இருந்தது. “பூ பார்க்கிறதுக்குக் கண்ணு வேணும்யா. புதுசா வர்ற பிள்ளைங்க செவந்த பூவுல எல்லாம் மாவ ஊதிட்டு வருங்க. மண்டோரு வந்து கத்துவாரு” என்பார். அவருடைய முன்கையில் முள் கீறிய வடுக்கள் கடைசி வரை இருந்தன.

பூச்சியியல் அறிஞர் ஒருவர் வண்டை அடையாளம் காண்பதற்குப் பயிற்சி பெறுகிறார். பூவை அடையாளம் காண்பதற்கு இந்தப் பெண்களும் பயிற்சி பெற்றவர்களே. முதலாவதை அறிவியல் என்கிறோம். இரண்டாவதைக் கூலி வேலை என்றார்கள்.

கேமரூனில் கிடைத்த விடை

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் பணியாற்றியவர் லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1960களில் சபாவில் தோட்டம் உருவாக்கியபோது, மகரந்தம் தூவுவதற்கே பெரும் ஆட்படையை வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூனிலோ யாரும் தூவாமலே குலைகள் நிறையக் காய்த்தன. அங்கே பூக்களில் வண்டுகள் மொய்த்தன, இங்கே மொய்க்கவில்லை. காற்றுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு ஏன்? அவருடைய கேள்வி அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் தோட்டங்களுக்குப் பொறுப்பான உயர் பதவிக்கு அவர் வந்த பிறகே ஆய்வுக்கு வழி பிறந்தது.

உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கான காமன்வெல்த் ஆய்வகத்தைச் சேர்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், 1970களின் பிற்பகுதியில் கேமரூனுக்குச் சென்றார். பூச்சிகள் நுழைய முடியாதபடி மூடப்பட்ட பெண் பூங்கொத்துகளில் காய் பிடிப்பது மிகவும் குறைந்தது. வண்டுகள் வந்துபோன பூங்கொத்துகள் நிறையக் காய்த்தன. 1979இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். எலைடோபியஸ் பேரினத்தின் பல இனங்களில் கேமரூனிகஸ் இனமே மழையிலும் வறட்சியிலும் ஈடுகொடுத்து, மகரந்தத்தையும் அதிகம் சுமப்பது தெரிந்தது. பல்லாண்டுகளாக நூல்கள் சொல்லிவந்தது பிழை என்பதும் தெரிந்தது.

ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டில் விடுவது விளையாட்டன்று. நன்மைக்கென்று கொண்டுவந்த உயிர்கள் தீமையாக முடிந்த கதைகள் உலகில் பல. அதனால் 1980இல் கொண்டுவரப்பட்ட வண்டுகளை உடனே வெளியே விடவில்லை. விவசாய இலாகாவின் கண்காணிப்பில் தனிமைப்படுத்தி, நோயற்ற தலைமுறையை வளர்த்தார்கள். மற்றப் பயிர்களைத் தின்னுமா, அவற்றில் பெருகுமா என்று சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூ இல்லாமல் அந்த வண்டால் இனம் பெருக்க முடியவில்லை. அதன் பிறகே அனுமதி கிடைத்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் உள்ள பாமோல் தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. அடுத்து சபாவிலும் விடப்பட்டன.

ஓராண்டில் நடந்த மாற்றம்

ஓராண்டுக்குள் வண்டு தீபகற்பம் முழுதும் பரவிவிட்டது. தீபகற்பத்தில் ஒரு குலையின் பூக்களில் ஏறக்குறைய பாதி மட்டுமே காயாகிவந்த நிலை மாறி, ஏறத்தாழ முக்கால் பங்கு காயாகத் தொடங்கியது. சபாவில் முன்னேற்றம் அதைவிடப் பெரிது. குலைகள் உள்ளும் புறமும் நிறைந்து கனத்தன. பழத்தைக் குலையிலிருந்து பிரிப்பதற்கே ஆலைகள் திணறின.

மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1981இல் சுமார் 28 லட்சம் டன். 1982இல் அது சுமார் 35 லட்சம் டன் ஆனது. புதிய மரங்கள் காய்ப்புக்கு வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், வண்டின் பங்கை யாரும் மறுக்கவில்லை. 1983இல் உற்பத்தி 30 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அளவுக்கு மீறிக் காய்த்த மரங்கள் களைத்துப் போயின என்றும் வறட்சி தாக்கியது என்றும் விளக்கம் தந்தார்கள். பிறகு மரங்கள் நிலைபெற்றன. அடுத்த சில ஆண்டுகளில் இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி, 1985இல் இந்தியாவின் கேரளம் என்று வண்டு பயணம் தொடர்ந்தது.

தூவும் வேலை தோட்டங்களில் நின்றது. நிறுவனங்களுக்கு அது மிச்சம். பெரியம்மா போன்றவர்களுக்கு?

அவர்களுடைய தோட்டத்தில் தூவும் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஒரு பகுதியினர் உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள். சிலர் உரம் போட அனுப்பப்பட்டார்கள். சிலருக்குக் களைக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, மருந்து வாடையில் நாள் முழுதும் நடக்கும் வேலை. பூ பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அதன் பிறகு தேவை இருக்கவில்லை.

பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்த வண்டின்மேல் கோபம் உண்டா என்று. சிரித்தார். “வண்டுமேல என்னய்யா கோவம்? அதோட பூ, அதோட வேலை. நாங்கதான் நடுவுல கொஞ்ச நாளு பார்த்தோம். ஆனா, போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தைதான் இன்று என்னை இங்கே பேச வைத்தது.

நாம் செய்ய வேண்டியது

வண்டின் கதை இன்னும் முடியவில்லை. அன்று வந்த சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களையே பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். வண்டின் உடலில் ஒட்டுண்ணி நூற்புழுக்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. வாடிய ஆண் பூவில் இருக்கும் வண்டுப் புழுக்களை எலிகள் தேடித் தின்கின்றன. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். சில இடங்களில் காய்ப்பிடிப்பு மீண்டும் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். பூச்சி என்று கண்டதும் மருந்தடிப்பவர்கள், முதலில் அது எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும். தென்னையைச் சாய்க்கும் பெரிய சிவப்புக் கூன்வண்டும், செம்பனையைக் காய்க்க வைக்கும் இந்தச் சின்னக் கூன்வண்டும் ஒரே குடும்பம். நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாமல் கை ஓங்கினால் நட்டம் நமக்கே.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவராக இருந்தால், இந்த வார இறுதியில் அவர்கள் அருகில் உட்காருங்கள். தூவும் வேலை செய்தீர்களா, எந்தத் தோட்டம், என்ன கூலி, எப்போது நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். எலைடோபியஸ் வண்டை அடையாளம் காண அறிவியல் நூல்களில் குறிப்பு இருக்கிறது: மூக்கின் நீளம், சிறகின் புடைப்பு, ஓரத்து மயிர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டு வருமுன் அதன் வேலையைச் செய்த பெண்களை அடையாளம் காண நம்மிடம் அப்படி ஒரு குறிப்பு இல்லை. முதியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை நாம்தாம் எழுத வேண்டும்.